விழுந்தவரைத் தூக்கப் போனால் பெர்மிட் போகுமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் செராங்கூன் ரோட்டில் கூட்டத்துக்கு நடுவே ஒரு சீனப் பெரியவர் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். இவர் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். கூட வந்த நண்பர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உனக்கு எதுக்குடா வம்பு, போலீஸ் வந்தா பெர்மிட் போயிடும்" என்றார். சுற்றி இருந்தவர்களும் நின்று பார்த்தார்கள். கடைசியில் ஒரு மலாய்ப் பெண்மணி மண்டியிட்டு உட்கார்ந்தார், அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது. தம்பி கேட்பது மூன்று: உதவினால் கேஸ் வருமா? அத்தனை பேரும் ஏன் சும்மா நின்றோம்? அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரில் முதலுதவி சொல்லிக்கொடுக்கும் வேலையில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் நம்ம ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நிறைய. இதயம் நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று கேட்பதற்கு முன்னால் வேலை பெர்மிட் கேள்வியைத்தான் கேட்பார்கள். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இல்லை. போகாது. தெருவில் விழுந்தவருக்கு உதவியதற்காகவோ, பார்த்ததைப் போலீசிடம் சொன்னதற்காகவோ வேலை அனுமதியை ரத்து செய்யும் விதி எதுவும் இல்லை. போலீஸ் வந்தால் பெயர், போன் நம்பர், என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். சொல்லிவிட்டுப் போகலாம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரில் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்ட காலம் ஒன்று இருந்தது. "நீதான இடிச்ச?" என்பதிலிருந்து ஆரம்பித்து, கோர்ட்டுக்கு அலையவிடுவது வரை எல்லாம் நடந்தது. அதை மாற்றத்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 2016-ல் உதவுகிறவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று தனிப்பிரிவு சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தபிறகு விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கிறது. ஊரிலேயே நிலைமை மாறிவிட்டது. பழைய பயம்தான் விமானம் ஏறி இங்கே வந்துவிட்டது.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது? உதவுகிறவரைக் காக்க என்றே தனியாக ஒரு சட்டம் இங்கே கிடையாது. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஒருவருடைய நன்மைக்காக ஒரு காரியம் செய்கிறீர்கள், அவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடக்கிறார், அதில் அவருக்கு ஏதாவது சேதம் வந்துவிட்டது என்றால் அது குற்றம் ஆகாது என்பது அதன் சாரம். நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறியும், வயதானவர்களுக்கு அது சகஜம். அதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு வந்தால்? அப்போது நீதிமன்றம் பார்ப்பது, அந்த நெருக்கடியில் ஒரு சாதாரண மனிதர் நியாயமாக நடந்துகொண்டாரா என்பதை. உங்களை யாரும் டாக்டராக எதிர்பார்ப்பதில்லை. தெரியாத மருந்தைக் கொடுப்பது, கத்தியை எடுத்து அறுப்பது மாதிரி வீரப்பிரதாபங்களில் இறங்காதவரை பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வழிப்போக்கர் நிற்காமல் போனால் அது குற்றமும் இல்லை. பொதுவாக அப்படி ஒரு கட்டாயக் கடமையைச் சட்டம் வைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஓட்டிவந்த வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தால் கதையே வேறு. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 84-வது பிரிவுப்படி நிறுத்தியாக வேண்டும், அடிபட்டவருக்கு முடிந்த உதவியைச் செய்தாக வேண்டும். கடுமையான காயம் என்றால் போலீஸ் சொல்லாமல் வண்டியை நகர்த்தவும் கூடாது. லாரி, வேன் ஓட்டும் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தப்பி ஓடுவதுதான் பெர்மிட்டுக்கு ஆபத்து.

காசு விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள் அது ஓடும். ஆம்புலன்ஸை அழைக்கும் 995-க்குப் போன் செய்தவரிடம் யாரும் பில் நீட்ட மாட்டார்கள். உண்மையான அவசர நோயாளிக்கு ஆம்புலன்ஸ் இலவசம். அவசரமே இல்லாத கேஸை ஏற்றிக்கொண்டு போனால் 274 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுவும் ஏறிப்போனவருக்குத்தான்.

விழுந்தது உங்கள் ரூமில் இருக்கும் ஆள் என்றால் அப்போதும் கணக்குப் பார்த்து நிற்காதீர்கள். பெர்மிட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து முதலாளி ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், டார்மிட்டரியிலும் (தொழிலாளர் விடுதி) சைட்டிலும் ஒரு கெட்ட பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஆள் மயங்கி விழுந்ததும் முதல் போன் சூப்பர்வைசருக்குப் போகும். அவர் சேஃப்டி ஆளைக் கூப்பிடுவார். சேஃப்டி ஆள் மேனேஜரைக் கேட்பார். இதயம் நின்றுபோன ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. மேனேஜர் போனை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். முதல் போன் 995. சூப்பர்வைசருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எந்த முதலாளியாவது அதற்காகத் திட்டினால் திட்டட்டும்.

சரி, அத்தனை பேர் ஏன் நின்றோம் என்ற கேள்வி.

ஈரமில்லாத ஊர், எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறவர்கள் என்று ஒரு பேச்சு சிங்கப்பூரைப் பற்றி அடிக்கடி காதில் விழும். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கூட்டத்தில் நிற்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அடுத்தவர் சும்மா நிற்பதால், ஒன்றும் பெரிதாக இருக்காது போல என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்தவரும் இவரைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார். இதை 1968-ல் அமெரிக்காவில் டார்லி, லத்தானே என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருகிற சத்தம் கேட்கும். கேட்கிறவர் தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நம்பினால், வலிப்பு அடங்குவதற்குள் 85 சதவீதம் பேர் உதவி தேடி எழுந்து போனார்கள். தன்னைப்போல் இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியபோது அது 31 ஆகிவிட்டது. மனிதர்கள் அதே மாதிரி ஆட்கள்தான், எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1973-ல் வந்த இன்னொரு சோதனை. பாதிரியாராகப் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு உரை நிகழ்த்த அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் குனிந்து முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரும் சோதனையின் பகுதிதான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள். "லேட்டாகிவிட்டது, ஓடு" என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம்தான். என்ன தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. இந்த ஊரில் காலை எட்டரைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், அந்த "லேட்டாகிவிட்டது, ஓடு" கூட்டம் முழுவதும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு மனித சாதியே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளில் தெருச்சண்டைகள் பதிவான 219 கண்காணிப்புக் கேமராக் காட்சிகளை எடுத்து ஆராய்ந்தார்கள், 2019-ல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக்கூட யாராவது ஒருவர் இறங்கும் வாய்ப்பும் கூடியது. உங்கள் செராங்கூன் ரோட்டுக் கதையிலும் அதுதானே நடந்தது? ஒரு பெண்மணி உட்கார்ந்தார். அதற்கு எத்தனை நேரம் ஆனது என்பதுதான் விஷயம்.

அந்த ஒருவர் யாராக இருக்கிறார்? பத்திரிகைகள் துணிச்சல், வீரம் என்று எழுதும். நான் பார்த்தவரை கைப்பழக்கம் உள்ளவர்தான் முதலில் இறங்குகிறார். இதற்கு நம் ஆட்களே சாட்சி.

2025 ஜூலை 26 சாயங்காலம் தஞ்சோங் காத்தோங் சாலையில் தரை திடீரென்று உள்வாங்கி, ஒரு கார் அப்படியே குழிக்குள் இறங்கியது. பக்கத்தில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்ப் பணி நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்த ஏழு பேர் ஓடிவந்தார்கள். தமிழ்நாட்டுக்காரரான ஃபோர்மேன் அவர்களுக்குத் தலைமை. அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். யாரும் குழிக்குள் குதிக்கவில்லை. கயிற்றை இறக்கினார்கள். காரிலிருந்து வெளியே வந்த பெண்மணி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மேலிருந்து இழுத்தார்கள். சில நிமிடங்களில் அவர் மேலே வந்துவிட்டார். சரிந்த மண் மறுபடியும் சரியும் என்பதும், விளிம்பில் எங்கே நிற்கலாம் என்பதும், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க ஒருவர் குரல் கொடுக்க வேண்டும் என்பதும் தினமும் சைட்டில் நிற்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே குழிக்கு முன்னால் பத்து அலுவலக ஊழியர்கள் நின்றிருந்தால் மனசு அதே அளவு பதறியிருக்கும், கயிறு வந்திருக்காது.

அதற்கு மூன்று மாதம் முன்னால், ஏப்ரல் 8-ஆம் தேதி, ரிவர் வேலி சாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் கடைவீட்டில் தீப்பிடித்தபோதும் இதே கதைதான். எதிரே கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுவந்து சுவரில் சாத்தி, புகைக்கு வெளியே விளிம்பில் நின்ற பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். அந்தத் தீயில் ஒரு சிறுமி இறந்துபோனார், அதையும் மறந்துவிடக் கூடாது. 2015-ல் ஜூரோங் ஈஸ்ட்டில் இரண்டாவது மாடியில் துணி காயப்போடும் கம்பிகளுக்கிடையில் தலை சிக்கித் தொங்கிய குழந்தையை, வெளிச்சுவரில் ஏறிப்போய்த் தாங்கிப் பிடித்தவர்களும் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த இருவர்தான்.

இவர்களில் யாருக்காவது பெர்மிட் போயிற்றா? ஜூரோங் ஈஸ்ட் இருவருக்கும், தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் நடத்தும் குடிமைத் தற்காப்புப் படை விருது கொடுத்தது. தஞ்சோங் காத்தோங் ஏழு பேருக்கும் மனிதவள அமைச்சு பாராட்டு நாணயம் கொடுத்தது. அதிபர் தர்மன் தன் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார். நாணயம் மட்டும்தானா என்று பொதுமக்களே குறைப்பட்டுக்கொண்டார்கள், அப்புறம் ஓர் அறப்பணி அமைப்பு வசூல் செய்து 72,000 வெள்ளிக்கு மேல் திரட்டியது. பாராட்டுகிற அளவுக்குச் சம்பளத்தையும் லாரியின் பின்பக்கப் பயணத்தையும் பற்றிப் பேசலாமே என்று எனக்கும் தோன்றியது. அது வேறு பஞ்சாயத்து.

இனி மூன்றாவது கேள்வி. இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள்.

கூட்டத்தில் நிற்கும்போது "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று கத்தாதீர்கள். அந்த யாராவது வரவே மாட்டார். ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்: "நீல சட்டை அண்ணே, நீங்க 995 போடுங்க." "அக்கா, லிஃப்ட் பக்கத்துல ஏஇடி பெட்டி இருக்கும், எடுத்துட்டு வாங்க." (ஏஇடி என்பது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி.) சீனரோ மலாய்க்காரரோ, விரலைக் காட்டி "யூ, கால் நைன் நைன் ஃபைவ்" என்றால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவர் வேலையை எடுத்துக்கொள்வார். இதற்கு மருத்துவம் ஒன்றும் தெரிய வேண்டாம். நெஞ்சை அழுத்தத் துணிவு வரவில்லை என்றாலும் இந்த ஒன்றைச் செய்தால் நீங்கள் அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர் இல்லை.

995-ல் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், நடந்ததை அப்புறம். இடம் சொல்வதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "தேக்கா பக்கத்துல, கறிக்கடைக்கு எதிர்ல" என்பது நமக்குப் புரியும், ஆபரேட்டருக்குப் புரியாது. இந்த ஊரில் இடம் சொல்ல வசதிகள் நிறைய. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால் புளோக் நம்பரும் தெருப் பெயரும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்கத் தபால் குறியீடு தனித்தனி, அது ஒன்றே இடத்தைக் காட்டிவிடும். பஸ் நிறுத்தம் என்றால் கம்பத்துப் பலகையில் ஐந்து இலக்க எண் எழுதியிருக்கும். கட்டடமே இல்லாத ரோட்டோரம் என்றால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், அதிலும் நம்பர் உண்டு. இங்கிலீஷ் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். "மேன் ஃபால் டவுன், நாட் பிரீத்திங்" என்பது போதுமான இங்கிலீஷ்.

போனை வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். 2012-லிருந்து ஆபரேட்டரே போனில் நெஞ்சு அழுத்தம் சொல்லிக்கொடுத்து, கூடவே எண்ணுகிறார். தேவைப்பட்டால் உங்கள் போனுக்கு ஓர் இணைப்பு அனுப்பி, கேமரா வழியாக ஆளைப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாடுகள் வீண் போகவில்லை. 2011 வாக்கில் இதயம் நின்று விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தினார். இப்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது கிடைக்கிறது.

ஆளைப் பார்ப்பது எப்படி? தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லை என்றால் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பாருங்கள். ஓர் ஏமாற்று வேலை இங்கே உண்டு. இதயம் நின்ற பிறகும் சிலர் இடைவெளி விட்டு விட்டு வாயைத் திறந்து 'ஹக்' என்று இழுப்பார்கள். பார்க்கிறவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நிம்மதியாகி நின்றுவிடுவார்கள். அது மூச்சு இல்லை. அதையும் நின்றுபோனதாகவே எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நெஞ்சின் நடுவே ஒரு கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை, முழங்கை நேராக. உங்கள் உடம்பின் எடை இறங்க வேண்டும், சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி கையால் மட்டும் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்தவரை உட்காரச் சொல்லுங்கள். வாயோடு வாய் வைக்கத் தயக்கமா, விட்டுவிடுங்கள். பெரியவர்கள் திடீரென்று விழுந்தால் அழுத்துவது மட்டும் செய்தாலும் பலன் உண்டு. கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும்.

ஏஇடி கருவி பேசும், அது சொல்கிறபடி செய்தால் போதும். பட்டைகளை வெறும் தோலில் ஒட்ட வேண்டும், வியர்வை இருந்தால் துடைத்துவிட்டு. மின்னதிர்ச்சி தேவையா இல்லையா என்பதைக் கருவியே கணித்துக்கொள்ளும். தேவையில்லாதவருக்கு நீங்கள் ஷாக் கொடுத்துவிட முடியாது. வீவக புளோக்குகளில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கீழ்த்தள லிஃப்ட் பக்கம் மாட்டியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் அலாரம் கத்தும், பயந்து மூடிவிடாதீர்கள், கத்தத்தான் வைத்திருக்கிறார்கள். விழுந்தவர் பெண் என்றால் நம் ஆட்கள் ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். உலகம் முழுக்கவே பொது இடத்தில் பெண்களுக்கு இந்த உதவி ஆண்களைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பக்கத்தில் பெண்கள் இருந்தால் கூப்பிடுங்கள், சுற்றி மறைவாக நிற்கச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் நடந்தால் இன்னொரு வேலைக்கு ஆள் வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகிறது. அதில் பத்தில் ஏழு வீட்டுக்குள் நடக்கிறது. பதினாறாவது மாடியில் நீங்கள் அழுத்திக்கொண்டிருப்பீர்கள், ஆம்புலன்ஸ் கீழே வந்து நிற்கும், லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வரும். ஒரு பையனைக் கீழே அனுப்பி, லிஃப்டைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வையுங்கள், செருப்பு அடுக்கையும் சைக்கிளையும் நகர்த்துங்கள். நாய் இருந்தால் கட்டுங்கள்.

நம் கை பழகிய சில வைத்தியங்களை மூட்டை கட்ட வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. பல்லுக்கிடையில் கரண்டியை விட்டால் பல்தான் உடையும். சுற்றியுள்ள கூரான பொருள்களை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 995. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். கோடாலித் தைலத்தை மூக்கில் தடவுவதாலும் பயனில்லை. தடவினால் கெடுதல் இல்லையே என்பார்கள். தடவிக்கொண்டிருக்கும் நேரம்தான் கெடுதல்.

எங்கே இறங்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, மேன்ஹோல், மூடிய டேங்க், இதற்குள் ஒருவர் மயங்கினால் பின்னாலேயே இறங்காதீர்கள். விஷவாயு இருந்தால் முதல் ஆளைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அங்கேயே விழுவார்கள். ஊரில் மலக்குழிச் சாவுகள் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக நடப்பது இப்படித்தான். கத்திக் கூப்பிடுங்கள், காற்று உள்ளே போக வழி பாருங்கள், மூச்சுக்கருவியோடு வருகிறவர்களுக்காகக் காத்திருங்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவருக்கு மிதவையை வீசுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள். விரைவுச்சாலையில் வேறொரு விபத்தைக் கண்டால் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடுவது உதவி இல்லை, இரண்டாவது விபத்துக்கு ஏற்பாடு. கடந்து போய்ப் பாதுகாப்பான இடத்திலிருந்து போன் செய்யுங்கள். எம்ஆர்டி ரயிலுக்குள் ஒருவர் விழுந்தால் கதவருகே இருக்கும் அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்தி ஊழியரிடம் பேசலாம். அடுத்த நிலையத்தில் ஆட்கள் ஏஇடியோடு வருவார்கள்.

போனில் படம் எடுப்பவர்களைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் கையில் போன் இருக்கிறது, 995 போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்.

மைரெஸ்பாண்டர் என்ற செயலியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிமைத் தற்காப்புப் படை 2015-ல் தொடங்கியது. உங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றதாக 995-க்குத் தகவல் வந்தால் உங்கள் போன் அலறும், பக்கத்தில் ஏஇடி எங்கே என்றும் காட்டும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். டார்மிட்டரியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வளாகத்தில் இருக்கிறோம். ஒரு மாடிக்கு நாலு பேர் இதை வைத்திருந்தாலே, ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒருவர் அறைக்குள் நுழைந்துவிடலாம்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று அடுத்துக் கேட்பீர்கள். குடிமைத் தற்காப்புப் படை பொதுமக்களுக்கு நடத்தும் வகுப்பு இலவசம். இருதய அறநிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் கட்டணத்துக்கு நடத்துகின்றன. யூடியூபில் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்களுக்கு ஒன்று. பொம்மை நெஞ்சில் ஐந்து சென்டிமீட்டர் அழுத்த எத்தனை பலம் வேண்டும் என்பதைக் கண்ணால் தெரிந்துகொள்ள முடியாது. வகுப்பில் முதல் தடவை அழுத்துகிறவர்கள், நல்ல தாட்டியான சைட் ஆட்கள் உட்பட, பாதி ஆழம்தான் இறக்குவார்கள், எங்கே உடைந்துவிடுமோ என்ற பயத்தில். நாலாவது தடவையில் கைக்கு அளவு பிடிபட்டுவிடும். தமிழ் பேசுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து பதிவு செய்தால் தமிழ் தெரிந்த பயிற்றுநரைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொள்ள வழியில்லை. எந்த மருத்துவமனை என்று தெரிந்து போனாலும், சொந்தக்காரர் இல்லாதவரிடம் நோயாளியைப் பற்றிப் பேச மாட்டார்கள். உதவியவர்களுக்கே பல நேரம் இதுதான் நிலைமை, இரண்டு நாள் தூக்கம் வராது, அழுத்தியது சரியா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ரத்தம் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் பட்டிருந்தால் அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.